கவர் சாங்: 'வழிப்பாடல்' எனலாமா?

வணக்கம்.

ஒருவர் பாடிப் பதிவான பாட்டை வேறொருவர் தன் குரலில் பாடிப் பதிவு செய்வதுதான் கவர் சாங். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி நம் மடல்களில் இதுவரை வந்த சொற்களில் 'மறுபாடல்' எனக்கு ஒட்டவில்லை. பாடியவரே தன் பாட்டை மறுபடி பதிவு செய்தாலும் அது மறுபாடல்தானே. 'உறைப்பாடல்' ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்துவிட்டுப் பொருளை விட்டுவிடுகிறது. 'பின்பாட்டு' அருமையான சொல். ஆனால் வில்லுப்பாட்டில் முன்னால் பாடுபவரைத் தொடர்ந்து மற்றவர்கள் பாடுவதற்கு அது ஏற்கெனவே பெயராக இருக்கிறது.

என் பரிந்துரை 'வழிப்பாடல்'. நன்னூல் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று வகுக்கிறது. முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துப்போய், பின்னால் வருபவர் தாம் வேண்டும் வேறுபாடுகளையும் சேர்த்துச் சொன்னால் அது வழிநூல். நூல் என்ற இடத்தில் பாட்டை வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

என் சித்தி வாரம் ஒரு பாட்டு பதிவேற்றுகிறார். மதியம் குக்கர் விசிலெல்லாம் அடங்கியதும் ஃபேனை நிறுத்திவிட்டு, ட்ராக்கை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, திறந்த துணி பீரோவைப் பார்த்து நின்று பாடுவார். எதிரொலியைத் துணி வாங்கிக்கொள்ளும். பெரும்பாலும் சுசீலா பாட்டுதான். அந்த உச்சத்தில் சித்தியால் நிற்க முடியாது, அதனால் ஒரு கட்டை இறக்கிக்கொள்வார். சரணத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஆலாபனை வரும். மெட்டு அதேதான், அந்தச் சங்கதிகள் சித்தியுடையவை. இதை 'நகல்பாட்டு' என்று போன மடலில் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தச் சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

வழிபாட்டுப் பாடலோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'வழிபாடு' என்பதில் பகரம் மெலிந்து ஒலிக்கும், 'வழிப்பாடல்' என்பதில் அழுத்தி நிற்கும். எழுதும்போது 'ப்' என்ற ஒற்றெழுத்தை விடாமல் இருந்தால் போதும்.

மூலத்தை 'முதற்பாடல்' என்றால் இரண்டும் ஜோடியாக நிற்கும். சட்டத் தமிழுக்கும் இது தேவை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 31சி பிரிவு கவர் பதிவுக்கான உரிமத்தைப் பற்றியதுதான்.

அப்புறம், கரோக்கே, அதாவது பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை. ஜப்பானியத்தில் 'கரா' என்றால் வெறுமை, 'ஓகே' ஆர்கெஸ்ட்ராவின் சுருக்கம். அதை வைத்து மடல்களில் 'வெற்றிசை' என்றார்கள். வெற்றிடம் போலப் புணர்ச்சி சரிதான், ஆனால் படிப்பவர்கள் வெற்றியின் இசை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கரோக்கே அப்படியே இருக்கட்டும்.

வினைச்சொல்தான் இன்னும் அமையவில்லை. 'வழிப்பாடினார்' இடறுகிறது, 'வழிப்பாடலாகப் பாடினார்' நீளம். யாருக்காவது நல்லதாகத் தோன்றினால் எழுதுங்கள்.