பழைய தேக்கில் செய்த வாஷ்பேசின் மேடை மழைக்காலத்தில் வளைந்துவிட்டது: என்ன செய்யலாம்?

கேள்வி (முதலியார்பேட்டை, புதுச்சேரி)

வணக்கம். எங்கள் தெருவில் இடிக்கப்பட்ட ஓர் ஓட்டு வீட்டின் தேக்குக் கைமரங்களைக் கோடையில் வாங்கி, மரவாடியில் பலகையாக அறுத்து, குளியலறை வாஷ்பேசினுக்கு 18 அங்குல அகலத்தில் ஒரு மேடையும் அதன் கீழே சிறிய அலமாரியும் நானே செய்தேன். மேற்புறத்தில் மூன்று முறை வார்னிஷ் அடித்தேன். அடிப்புறத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன். ஐப்பசி மழை தொடங்கிய இரண்டு வாரத்திற்குள் முன் ஓரமும் பின் ஓரமும் மேலெழும்பி, நடுவில் தண்ணீர் தேங்குமளவுக்குக் குழிந்துவிட்டது. பழைய ஆணித் துளைகளைச் சுற்றிக் கருநீலக் கறையும் படர்ந்திருக்கிறது. பேக்கிங் பலகையில் செய்த கதவோ உப்பிப்போய் மூட மறுக்கிறது. பல தலைமுறை காய்ந்த மரம் இப்போது வளைவது ஏன்?

பதில் 1 (வில்லியனூர்)

குழிவில் எபாக்ஸி (ஊற்றியபின் இறுகும் பிசின்) ஊற்றி மட்டமாக்கிவிடுங்கள். ஒரே நாளில் முடிந்துவிடும்.

பதில் 2 (கடலூர் முதுநகர்)

தம்பி, எபாக்ஸி ஊற்ற வேண்டாம். அது மேற்புறத்தை இன்னும் இறுக மூடுமே தவிர, கோளாறு இருக்கும் அடிப்புறத்தைத் தொடாது. எவ்வளவு பழைய மரமானாலும் காற்றின் ஈரத்தை வாங்குவதும் விடுவதும் நிற்பதில்லை. வார்னிஷ் அடித்த பக்கம் மெதுவாகவும் வெறும் பக்கம் வேகமாகவும் ஈரம் இழுத்ததால், அடிப்புறம் விரிந்து ஓரங்களை மேலே தள்ளியிருக்கிறது. மரத்தின் ஈரப்பதம் 4, 5 சதவீதம் கூடினாலே 18 அங்குலத் தேக்குப் பலகை அகலவாக்கில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும்; நீளவாக்கில் அநேகமாக அசையாது. அந்த விரிவுக்கு இடம் கொடுக்காமல் நான்கு மூலையிலும் திருகாணியை முடுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மேடையைக் கழற்றி, அடிப்புறம் மேலே இருக்குமாறு நிழலில், காற்றோட்டத்தில் கட்டைகள் மேல் வையுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். மழை ஓயும் வரை இழைப்புளியை எடுக்காதீர்கள். ஈரத்தோடு இழைத்து மட்டமாக்கினால், காய்ந்தபின் எதிர்ப்பக்கம் வளையும். பிறகு ஆறு பக்கமும், பேசினுக்கு வெட்டிய துளையின் உள்விளிம்பு உட்பட, ஒரே எண்ணிக்கையில் பாலியூரித்தேன் வார்னிஷ் பூச்சு அடியுங்கள். மாட்டும்போது சட்டத்தின் பின்பக்கத் துளைகளை வட்டமாக விட்டு, முன்பக்கத் துளைகளை மட்டும் அகலவாக்கில் நீட்டித்துவிட்டால் மரம் தன் போக்கில் நகரும்.

கறைக்குக் காரணம் இரும்பு. மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை போலக் கறுக்கும். துளைகளைக் காந்தத்தால் தடவிப் பாருங்கள், ஒடிந்த ஆணி உள்ளே இருக்கலாம். கடற்காற்று அடிக்கும் நம் ஊரில் 316 தர எவர்சில்வர் திருகாணியோ பித்தளையோதான் தாங்கும்.

பதில் 3 (நெல்லிக்குப்பம்)

கதவுக்கான பலகையில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ‘எச்.டி.’ (HT) என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது. ‘எம்.பி.’ (MB) என்றால் பூச்சிகளைக் கொல்ல மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகையூட்டியது. அதை வீட்டுக்குள் வைக்காமலிருப்பதே நல்லது. எப்படியானாலும் பேக்கிங் பலகைக்கு வழக்கமாகப் பயன்படும் பைன் மரம் குளியலறை ஈரத்துக்கு ஏற்றதன்று. மிஞ்சிய தேக்கில் இடைவெளி விட்டுப் பட்டைக் கதவாகச் செய்தால், உள்ளே காற்றும் போகும்.

கேட்டவர்

நன்றி ஐயா. கறையைப் போக்க ஆக்ஸாலிக் அமிலம் போடலாமா?

பதில் 2

போடலாம். முதலில் ஆணியை எடுத்துவிட்டு, வார்னிஷையும் சுரண்டிவிடுங்கள். வெந்நீரில் கரைத்து, பிளாஸ்டிக் பாத்திரத்தில், கையுறையோடு தடவுங்கள். நன்றாகக் கழுவிக் காயவிட்ட பிறகே உப்புத்தாள் போட வேண்டும். அதன் தூசி மூச்சில் போகக் கூடாது.

கேட்டவர் (தை மாதம்)

இரண்டு துளைகளில் ஒடிந்த ஆணி முனைகள் இருந்தன. மேடை பெரும்பாலும் தானாகவே மட்டமாகிவிட்டது. எஞ்சிய சிறு குழிவை நேற்று இழைத்தேன். அடிப்புறத்துக்கு இன்று இரண்டாவது பூச்சு.