ஸ்பிளைசிங் வேலைக்கு மாருதி ஈகோ வேன், உள்ளே எப்படி அமைக்கலாம்?

வணக்கம், திருச்சி பக்கம் ஃபைபர் கேபிள் பழுது பார்க்கும் சின்ன டீம் எங்களுடையது. ரோட்டோரத்தில் குடை பிடித்துக்கொண்டுதான் ஸ்பிளைசிங் (இழை முனைகளை உருக்கி ஒட்டுவது) போடுகிறோம், 125 மைக்ரான் கண்ணாடி இழை, ஒரு லாரி கடந்தால் கிளம்பும் புழுதி போதும், மெஷின் எரர் காட்டிவிடும், திரும்பத் துடைத்து, வெட்டி, முதலிலிருந்து. அதனால் பழைய ஈகோ கார்கோ ஒன்றை வாங்கி உள்ளே மேசை போடலாம் என்று யோசனை.

மேசை பக்கவாட்டுக் கதவை ஒட்டி இருப்பது நல்லதா, பின்கதவுப் பக்கமா? குழியில் விட்ட லூப் (உபரியாகச் சுருட்டி வைத்த கேபிள்) குறைவாக இருந்தால் கேபிள் வண்டிக்குள் எட்டாதே, அதுதான் குழப்பம். ஸ்பிளைசிங் மெஷின், லைட், ஓடிடிஆர் (இழையில் பழுது எங்கே என்று காட்டும் கருவி) சார்ஜுக்குத் தனி பேட்டரியும் இன்வெர்ட்டரும் போதுமா? வண்டிக்குள் ஜெனரேட்டர் வேண்டாம், புகையும் அதிர்வும் தாங்காது.

அப்புறம், உள்ளே மேசை, ரேக் அடித்தால் ஆர்டிஓவில் சொல்ல வேண்டுமா? செய்தவர்கள் போட்டோவோடு செலவும் சொல்லுங்கள்.