கூடல் மே மாதமா, டிசம்பரா?

எல்லாருக்கும் வணக்கம்.

வேதாரண்யத்துக்காரர்கள் நாம் ஊரில் ஒன்றுசேரும் அடுத்த வருடக் கூடலை எப்போது வைப்பது என்று இரண்டு வாரமாக மடல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சென்னை, பெங்களூர்க்காரர்கள் மே என்கிறார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் டிசம்பர். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு டிக்கெட் எப்போது மலிவோ அப்போது. போன முறை மே மாதத்திலும் இந்த முறை டிசம்பரிலும் விடுப்பில் வேதாரண்யம் போய் வந்தவன் என்பதால் என் பங்குக்கும் கொஞ்சம் சொல்கிறேன்.

நம் ஊரில் வெயிலுக்குக் காத்திருப்பவரும் மழைக்குக் காத்திருப்பவரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். இது சின்ன வயதில் எனக்கு உறைக்கவே இல்லை. மே மாதம் ஒருநாள் மாலை திடீரென்று அரை மணி நேரம் மழை கொட்டியது. நான் பாட்டுக்குத் திண்ணையில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அண்ணன் உப்பளத்தில் வேலை செய்கிறவர். வானத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். பாத்தியில் விளைந்து நின்ற உப்பு அத்தனையும் கரைந்திருக்கும். மறுநாள் தேத்தாக்குடியிலிருந்து முல்லைப்பூ கொண்டுவந்த அக்காவோ, ‘நல்ல மழை தம்பி, இனி பூ பிடிக்கும்’ என்று சிரிக்கிறார். யாரோடு சேர்ந்து சந்தோஷப்படுவது, சொல்லுங்கள்.

மே மாதம் வந்தால் அகத்தியன்பள்ளி உப்பளத்தை அதன் முழு வேகத்தில் பார்க்கலாம். உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்றவிட்டு, டிகிரி பார்ப்பார்கள். சூடு அல்ல, நீரின் அடர்த்தியைச் சொல்லும் டிகிரி. 25 டிகிரியை ஒட்டி வரும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். ரொம்பவும் ஏறவிட்டால் உப்பு கசந்துவிடும் என்று மிஞ்சிய நீரை வெளியேற்றிவிடுவார்கள். வெள்ளை வெயில் கண்ணைக் கூசும் என்பதால் விடிவதற்கு முன்பே வாரத் தொடங்கிவிடுகிறார்கள். எட்டு மணிக்கு நான் போனபோது பாதி வேலை முடிந்து, வரப்பில் அம்பாரம் ஏறியிருந்தது. 1930 இல் ராஜாஜியும் தொண்டர்களும் ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, 30 ஆம் தேதி இங்கே உப்பு அள்ளினார்கள் அல்லவா? ஏப்ரலில் வந்ததால் அள்ளினார்கள். டிசம்பரில் வந்திருந்தால் கையில் வெறும் தண்ணீர்தான் வந்திருக்கும்.

கோடியக்காட்டுப் பாலாப்பழமும் கோடையில்தான். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். உதடு ஒட்டிக்கொண்டதும் பெரியவள் அழுதுவிட்டாள், சின்னவன் இன்னும் கேட்டான்.

ஆனால் மே மாதத்தில் மீன் விஷயம் சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பக்கத்துக் கடலில் சின்னப் படகுகள் பிடித்துவருவதை நம்பித்தான் சந்தை. கூடலுக்கு வருகிற அத்தனை பேருக்கும் மீன்குழம்பு என்று யாராவது வாக்குக் கொடுத்திருந்தால் இப்போதே திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

டிசம்பர் வேறு ஊர். உப்பளம் முழுக்கத் தண்ணீர், வேலை கிடையாது. அதே நேரம் கோடியக்கரையில் மீன் சீசன். வெளியூர் மீனவர்கள் வந்து கரையில் குடிசை போட்டுத் தங்கியிருப்பார்கள். ஏலம் நடக்கும் சத்தத்திலேயே பாதிப் பசி அடங்கும். அப்புறம் பறவைகள். அக்டோபரில் வரத் தொடங்கி மார்ச் வாக்கில் கிளம்பிவிடும். பூநாரைகள் சேற்றுத் தண்ணீரில் தலைகீழாக அலகை வைத்து அரித்துத் தின்பதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு போலத் தெரிந்தது, நெருங்கினால் அத்தனையும் கால்கள்! வெளிமான்கள் எந்த மாதத்திலும் உண்டு, காலையில் சீக்கிரம் போனால் போதும். மட்டக்குதிரைகளும் அப்படித்தான்.

டிசம்பருக்கு எதிராக ஒரே ஒரு வாதம்தான்: புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா செய்ததை யாரும் மறக்கவில்லை. எங்கள் மாந்தோப்பில் இன்று நிற்பவை எல்லாம் அதற்குப் பிறகு வைத்த கன்றுகள். தாத்தா வைத்த மரத்தில் ஒன்றுகூட இல்லை. அதனால் டிசம்பர் முதல் பாதி வேண்டாம், கடைசி வாரம் வைப்போம். பந்தல் வேண்டாம், மேல்கூரை உள்ள மண்டபமே பார்ப்போம். தை மாதம் என்றால் எல்லாமே பொருந்தும், பறவையும் இருக்கும், உப்பளத்தில் பாத்தி சீர் செய்யும் வேலையும் தொடங்கியிருக்கும். ஆனால் யாருக்கு விடுப்பு கிடைக்கிறது? என் ஓட்டு டிசம்பருக்கு.

வந்துசேர்வது முன்பு போலக் கஷ்டமில்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியன்பள்ளி வரை 37 கிலோமீட்டர் அகலப்பாதை 2023 ஏப்ரலில் திறந்தபின் ரயிலும் உண்டு. வருடக்கணக்கில் பேருந்து மட்டுமே என்று இருந்த காலம் போயிற்று. தோப்புத்துறை நண்பர்களும் அதிலேயே ஏறி வரலாம். திருத்துறைப்பூண்டியில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், நாள் முழுக்க ஓடும் ரயில் அல்ல.

பூநாரை பார்க்கப் போகிறவர்கள் கிட்டே போய்ப் படம் எடுக்கும் ஆசையில் செருப்போடு சேற்றில் இறங்காதீர்கள். என்னுடையது ஒன்று இன்னும் அங்கேதான் கிடக்கிறது.