பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் தரத்தையும் விலையையும் எப்படி மதிப்பிடுவது?

மந்தைவெளியான்:
காலஞ்சென்ற என் தந்தையின் உரிமத்தில் இருந்த, பர்மிங்காமில் செய்யப்பட்ட வெப்லி அண்ட் ஸ்காட் 12 போர் (bore, குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கி, இப்போது உரிமம் பெற்ற கடை ஒன்றில் முறைப்படி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதை விற்க நினைக்கிறோம். கட்டை மங்கியும் குழல்கள் சாம்பல் பூத்தும் இருப்பதால், மெருகேற்றிக் கறுப்புப் பூச்சும் கொடுத்துவிட்டால் கூடுதல் விலை கிடைக்குமா?

பழையகுழல்:
தயவுசெய்து மெருகேற்ற வேண்டாம், ஐயா. பழையதை அறிந்து வாங்குபவர், புதுப்பூச்சைக் கண்டதும் எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் தேடுவார். கடைக்காரர் முன்னிலையில், அறைகள் (தோட்டா வைக்கும் இடங்கள்) காலியாக இருப்பதை உறுதிசெய்தபின், முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை மூடிய நிலையில் பிடித்து, குழல்களுக்கும் ஆக்‌ஷனுக்கும் (சுடும் பொறி உள்ள உடற்பகுதி) இடையே ஆட்டமோ வெளிச்சமோ தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு குழல்களைத் தனியே எடுத்து, கொக்கிப் பகுதியில் விரலால் தொங்கவிட்டு நகத்தால் தட்டினால், ரிப் (இரு குழல்களையும் இணைக்கும் நீளப் பட்டை) நன்றாகப் பற்றியிருக்கும் குழல் மணிபோல் நீண்டு ஒலிக்கும். பற்றாசு விட்டுப்போயிருந்தால் சத்தம் தட்டையாக அடங்கிவிடும். சென்னையின் உப்புக் காற்றில் ரிப்புக்கு அடியில் துரு பிடிப்பது சகஜம் என்பதால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். குழலின் உட்புறத்தில் வட்ட நிழல் தெரிந்தால் அங்கே வீக்கம் இருக்கலாம்.

அடையாறு_65:
மேலே சொன்னவற்றோடு, குழலின் அடிப்பகுதியில் உள்ள சோதனை முத்திரைகளையும் (கூடுதல் அழுத்தத்தில் சுட்டுச் சோதித்ததற்கான அடையாளங்கள்) படியுங்கள். 1954-க்குப் பிந்தைய பிரிட்டிஷ் முத்திரையில் அறையின் நீளமும் அழுத்தமும், எடுத்துக்காட்டாக 2½ அங்குலம், (சதுர அங்குலத்துக்கு) 3 டன் என்று பொறிக்கப்பட்டிருக்கும். அத்தகைய அறையில் 70 மி.மீ. (2¾ அங்குல) தோட்டாவைப் போடக் கூடாது. உள்விட்டம் 0.729 அங்குலம் என்று குறித்த குழல் தேய்ந்து 0.740-ஐத் தொட்டிருந்தால் சோதனைத் தகுதியை இழந்ததாகவே கொள்வர். விலையும் அதோடு சரிந்துவிடும். செதுக்கு வேலைப்பாட்டைப் பார்த்து மயங்குபவர்கள் இந்த எண்களைப் பார்ப்பதே இல்லை. குழல், ஆக்‌ஷன், முன்கட்டை மூன்றிலும் வரிசை எண் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பழையகுழல்:
சரியாகச் சொன்னீர்கள். திருகாணித் தலைகளின் காடி சிதைந்திருந்தால், யாரோ அரைகுறையாகக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். எஜெக்டர் (சுட்ட தோட்டாக் கூட்டைத் தானே வெளியே தள்ளும் அமைப்பு) உள்ளதற்கும் இல்லாததற்கும் விலையில் நல்ல வித்தியாசம் உண்டு.

வேப்பேரி வாசகர்:
உரிமம் வைத்திருப்பவருக்கு மட்டுமே விற்க முடியும் என்பதால், வாங்குவோர் வட்டம் சிறியது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவர், எவ்வளவு பிடித்திருந்தாலும், உங்களுடையதை வாங்க முடியாது. ஆகவே வெளிநாட்டு ஏலங்களில் காணும் விலையை அளவுகோலாகக் கொள்ளாமல், இங்குள்ள இரண்டு மூன்று கடைகளில் எழுத்து வடிவில் மதிப்பீடு கேளுங்கள்.

மந்தைவெளியான்:
அனைவருக்கும் நன்றி. மெருகேற்றும் யோசனையைக் கைவிட்டேன். குழல் விட்டத்தை அளந்து தரும்படி கடைக்காரரிடம் முதலில் கேட்கிறேன்.