எலிகளில் குட்டிப் பருவ அழுத்தம்: பிஎச்.டி. நேர்காணலில் என்ன கேட்கணும்?

கூடுகலைந்தவன்:
குட்டிப் பருவத்து அழுத்தம் மூளையை எப்படி மாற்றுதுன்னு பார்க்கிற ஆய்வுக்கூடத்தில் அடுத்த வாரம் பிஎச்.டி. நேர்காணல். சுண்டெலிகள், கூண்டில் படுக்கைத்தூளையும் கூடு கட்டும் பஞ்சையும் குறைக்கிற முறை. படிச்சது உயிர்வேதியியல், எலியைத் தொட்டதில்லை. தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்கிற பழைய முறையை இவங்க ஏன் எடுத்துக்கலை? நான் அவங்ககிட்ட என்ன கேட்கணும்?

வலைத்தட்டு:
பிரிக்கிற முறையில் பொதுவா குட்டி பிறந்த 2ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை தினமும் 3 மணி நேரம் குட்டிகளை எடுத்து வைப்பாங்க. திரும்ப விட்டதும் தாய் விழுந்து விழுந்து நக்கும். கொடுத்த அழுத்தத்தில் ஒரு பகுதியை அந்தக் கவனிப்பே ஈடுகட்டிடும். தொட்டு எடுக்கிறதே தனித் தூண்டல் வேற. வெறும் 15 நிமிடம் எடுத்து வைத்த எலிகள் வளர்ந்தபின் பதற்றம் குறைஞ்சு இருக்கும்னு 1950களிலேயே பார்த்துட்டாங்க.

நீங்க சொல்ற முறை, நரம்பியல் ஆய்வாளர் டேலி பாரம் குழு கலிஃபோர்னியா பல்கலையின் இர்வைன் வளாகத்தில் வளர்த்தெடுத்தது. 2 முதல் 9ஆம் நாள் வரை தரைக்குச் சற்று மேலே வலைத்தட்டு, அதன் அடியில் கொஞ்சம் தூள், பஞ்சு ஏறக்குறைய பாதி. அதுக்கப்புறம் கூண்டைத் தொடுறதில்லை. தாய் உள்ளேயேதான் இருக்கும், ஆனா பால் கொடுக்கும்போதே எழுந்து போகும், வரும், மறுபடி போகும். அடுத்து என்ன வரும்னு குட்டிக்குப் புலப்படாமல் போறதுதான் அடி.

கெடுற இடம் ரெண்டு. வலைக்கண் பெரிசா இருந்தா குட்டியோட கால் சிக்கும். காற்று ஊதுற கூண்டு அடுக்கா இருந்தா, பஞ்சு இல்லாத குட்டிகள் குளிர்ந்துபோகும். அப்புறம் நீங்க அளக்கிறது அழுத்தத்தை இல்லை, குளிரை. அறை வெப்பநிலையையும் காற்றோட்டத்தையும் கேட்டுருங்க.

ஈற்றுக்கணக்கு:
என்னைக் கேட்டா முதல் கேள்வி இது: மாதிரி எண்ணிக்கையை ஈற்றுக்கு ஒன்றுன்னு (ஈற்று: ஒரு தாய் ஒரே தடவையில் போட்ட குட்டிகள்) எண்ணுறாங்களா, குட்டிக்கு ஒன்றுன்னா?

4 தாய், ஒவ்வொன்றிலும் 6 குட்டி. இதை 24னு எழுதினா கணக்கு பொய். அழுத்தம் போனது தாயோட கூண்டுக்கு. ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றை ஒன்று ஒத்திருக்கும். மாதிரி எண்ணிக்கை 4தான். ஒவ்வொரு ஈற்றிலிருந்தும் ஒரு ஆண், ஒரு பெண் எடுக்கணும், இல்லேன்னா ஒரே ஈற்றுக் குட்டிகளின் ஒற்றுமையையும் கணக்கில் எடுக்கிற புள்ளியியல் முறையில், அதாவது கலப்பு மாடலில் (mixed model), ஈற்றைத் தற்செயல் காரணியா (random effect) வைக்கணும். இந்தத் துறையில் திரும்பச் செய்யும்போது காணாமல் போற முடிவுகளில் பலதுக்கு இதுவே காரணம்னு நினைக்கிறேன்.

அழுத்தம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததான்னு எப்படிச் சரிபார்க்கிறாங்கன்னும் கேளுங்க. தாயின் நடத்தைக் காணொளி, காலம் முடிஞ்சதும் குட்டியின் எடை, ரெண்டும் வேணும்.

கார்ட்டிகோ:
எலியைப் பற்றிப் பேசும்போது வாய் தவறி, மனிதரின் முக்கிய அழுத்த ஹார்மோனான கார்டிசால்னு சொல்லிடாதீங்க. எலியில் முக்கியமானது கார்ட்டிகோஸ்டிரோன்.

அதை அளக்க, கூண்டைத் தொட்ட 3 நிமிடத்துக்குள் ரத்தம் எடுக்கணும். தாண்டினா, பிடிச்ச பயமே அளவை ஏற்றும். எலி இரவாடி: விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் அளவு குறைவு, அணையப் போகும் நேரத்தில் உச்சம். ஒரு குழுவைக் காலையிலும் இன்னொன்றை மாலையிலும் எடுத்தா, வித்தியாசம் கடிகாரத்தோடது. குழுக்களைக் கலந்து, ஒரே நேரத்தில் எடுக்கணும்.

ஹார்மோன் அளவை எதிர்ப்பொருள் வைத்து அளக்கிற எலைசா (ELISA) சோதனையில் உங்க படிப்பு கைகொடுக்கும். ரத்தத்தில் பெரும்பகுதி ஹார்மோன் புரதத்தோடு ஒட்டியிருக்கும். பிரிச்செடுக்கும் கரைசலைச் சேர்க்க மறந்தா அளவு குறைச்சலா வரும். அதைப் பற்றிக் கேட்டாலே ஆள் யாருன்னு புரிஞ்சுக்குவாங்க.

கூடுகலைந்தவன்:
“24 குட்டி”ன்னே பதில் வந்தா?

ஈற்றுக்கணக்கு:
அங்கேயே தப்புன்னு சொல்லாதீங்க. “பகுப்பாய்வில் ஈற்றை எப்படிச் சேர்க்கிறீங்க?”ன்னு கேளுங்க. உடனே விளக்கினா சரி, அவசரத்தில் சொன்ன எண். “அது பெரிசா பாதிக்காது”ன்னு சொன்னா வேற இடமும் பார்த்து வைங்க.