மறு: ஹர்லிங்கில் ‘பாயின்ட்’: புள்ளியா, வேறு சொல்லா?

நண்பர்களே,

மட்டையால் பந்தடிக்கும் அயர்லாந்து ஆட்டமான ஹர்லிங்கில் பேர்பெற்ற ஹென்றி ஷெஃப்ளினைப் பற்றிய தமிழ்க் கட்டுரைக்கு, ‘பாயின்ட்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும் என்று தம்பி கேட்டு மூன்று நாளாகிறது. நாம் இன்னும் ஆட்டத்தின் பெயரிலேயே நிற்கிறோம். அதை முதலில் முடித்துவிட்டு அவர் கேட்டதற்கு வருகிறேன்.

> ஹர்ல் என்றால் வீசியெறிதல். எனவே ‘எறிபந்து’ என்பதே நேர்ப்பொருள்.

ஐயா, அகராதிப்படி சரி. ஆனால் இந்த ஆட்டத்தில் பந்தைக் கையால் எறிந்தால் ஃபவுல். கையில் பிடிக்கலாம், நாலு எட்டு தூக்கிக்கொண்டு நடக்கலாம், உள்ளங்கையால் தட்டிக் கொடுக்கலாம், எறிய மட்டும் கூடாது. எதைச் செய்யக் கூடாதோ அதையே ஆட்டத்துக்குப் பெயராக வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதோடு எறிபந்து என்ற பெயரில் நம் பள்ளிகளில் வேறொரு ஆட்டம் ஏற்கெனவே இருக்கிறது.

> ‘வளைகோலாட்டம்’ பொருத்தமாக இல்லையா அண்ணா?

பொருத்தம்தான், அதில்தான் வயிற்றெரிச்சல். அந்த மட்டைக்கு ஐரிஷ் மொழியில் கமான் என்று பெயர், ‘காம்’ என்றால் வளைந்தது, ஆக வளைகோல் என்பது அச்சு அசலான மொழிபெயர்ப்பு. (நம் ஊர் வாசல் வளைவையும் கமான் என்பார்கள், உறவு தேடி யாரும் கிளம்ப வேண்டாம்.) ஆனால் வளைகோலை ஹாக்கிக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம், திரும்ப வாங்க முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வாசகருக்கு ‘கோல்’ என்றால் வலைக்குள் பந்து போவதும்தான். “கோலால் கோல் அடித்தார்” என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், சிலேடைப் புலவர் யாராவது மகிழ்வார், கட்டுரை படிப்பவர் மகிழ மாட்டார். அதனால் கையில் இருப்பது மட்டை, உள்ளே போவது கோல், ஆட்டம் ஹர்லிங் என்றே இருக்கட்டும். கிரிக்கெட்டைக் கிரிக்கெட் என்று சொல்லித்தானே இத்தனை காலம் ஓட்டினோம். மட்டை என்பது உண்மையில் நல்ல சொல்லும்கூட, ஏனென்றால் அதன் நுனி தட்டையாக விரிந்திருக்கும், அந்தப் பகுதியை ஐரிஷில் ‘பாஸ்’ என்கிறார்கள், உள்ளங்கை என்று பொருள். ஆஷ் மரத்தில் வேர் பிரியும் அடிப்பகுதியை வெட்டிச் செய்வது அது, மரத்தின் ரேகையே வளைந்து வருவதால்தான் அடி தாங்குகிறது.

சரி, இப்போது தம்பி கேட்டது. அவர் அனுப்பிய வரைவில் இந்த வரி இருக்கிறது: “ஷெஃப்ளின் சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் 27 கோல்களும் 484 புள்ளிகளும் எடுத்து மொத்தம் 565 புள்ளிகள் பெற்றார்.” கணக்கு சரி. ஒரு கோலுக்கு மூன்று, ஆக 81, அதோடு 484. ஆனால் ஆட்டம் தெரியாதவர் இதைப் படித்தால் முதல் புள்ளிக்கும் இரண்டாம் புள்ளிக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். முதலாவது ஒரு வகை அடி, இரண்டாவது கணக்கின் அலகு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பாயின்ட் என்று ஒரே சொல் இருப்பது அவர்கள் பாடு, அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

கம்பம் எச் எழுத்து வடிவில் நிற்கும். குறுக்குக்கம்பி இரண்டரை மீட்டர் உயரம். கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், நடுவர் பச்சைக் கொடி காட்டுவார். கம்பிக்கு மேலே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் போனால் இந்தப் பாயின்ட், அதற்கு வெள்ளைக் கொடி. இதை வைத்துத்தான் இங்கே ஒருவர் ‘வெள்ளைக்கொடி’ என்றே சொல்லலாமே என்றார். “ஷெஃப்ளின் வெள்ளைக்கொடி காட்டினார்” என்று தலைப்பு வந்தால் சரணடைந்தார் என்றல்லவா படிப்பார்கள்! ‘உள்ளடி, வெளியடி’ என்ற இணையும் வந்தது. உள்ளடி வேலை என்று நம் அரசியலில் ஒரு துறையே இருப்பதால் அதையும் விட்டுவிடலாம்.

என் பரிந்துரை: மேலடி. கோல் கோலாகவே இருக்க, கம்பிக்கு மேலே போவது மேலடி, மொத்தக் கணக்கு மட்டும் புள்ளி. வினையாகவும் வரும்: “மேலடித்தார்.”

சொல் தாங்குகிறதா என்று ஷெஃப்ளினின் ஒரே ஒரு நிமிடத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். 2012 செப்டம்பர், டப்ளினின் க்ரோக் பார்க் மைதானம், ஷெஃப்ளினின் கில்கெனி அணிக்கும் கால்வே அணிக்கும் அனைத்து அயர்லாந்து இறுதி ஆட்டம். எழுபது நிமிட ஆட்டம் முடியப்போகிறது, இரு பக்கமும் 18, கில்கெனிக்குப் பெனால்டி. அப்போதைய விதிப்படி கோல் கோட்டில் மூன்று பேர் மட்டையோடு நிற்பார்கள். ஷெஃப்ளின் பந்தை மட்டையால் கிளப்பி, கோலுக்குக் குறி வைக்காமல், கம்பிக்கு மேலே அனுப்பினார். இதை “பெனால்டியில் ஒரு புள்ளி எடுத்தார்” என்று எழுதினால் கோலை நழுவவிட்டார் என்று தொனிக்கிறது. “பெனால்டியை மேலடித்தார்” என்றால் அது அவர் எடுத்த முடிவு என்பது தெரிகிறது. கோழைத்தனமா கெட்டிக்காரத்தனமா என்று சண்டை போடுவதற்கும் அதன்பிறகுதான் இடம் வரும். (முடிவில் சேர்த்த நிமிடங்களில் கால்வேயின் ஜோ கானிங் ஒரு ஃப்ரீயை, அதாவது எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் அடியை, மேலடித்துச் சமன் செய்துவிட்டார். மறு ஆட்டத்தில் கில்கெனி சுலபமாக வென்றது, ஷெஃப்ளினுக்கு ஒன்பதாவது பதக்கம்.)

இன்னொரு சோதனை. கார்க் அணியின் முந்தைய தலைமுறை வீரர் கிறிஸ்டி ரிங்கையும் ஷெஃப்ளினையும் ஒப்பிடாமல் இந்தக் கட்டுரை முடியாது. ரிங் 33 கோல், 208 மேலடி. புள்ளியாக்கினால் 307க்கு எதிராக 565, ஷெஃப்ளின் எங்கோ மேலே போய்விடுகிறார். தனித்தனியாக வைத்தால், ரிங்கின் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கோலிலிருந்து வந்தது தெரிகிறது, ஷெஃப்ளின் கணக்கில் ஏழில் ஒரு பங்குதான். ஒரு தலைமுறை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது, அடுத்தடுத்த தலைமுறைகள் தூரத்திலிருந்தே கம்பிக்கு மேலே தூக்கின, அதிலும் ஷெஃப்ளின் ஃப்ரீ அடிப்பவர். இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும் சொல் எனக்கு வேண்டாம்.

வரைவில் வேறு இரண்டு இடங்கள். ‘மாவட்ட அணி வீரர்’ என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. கவுண்டிக்கு மாவட்டம் தவறில்லை, ஆனால் நம்மவர் படித்தால் “பாவம், மாநில அணிக்குக்கூடத் தேர்வாகவில்லை” என்று நினைத்துவிடுவார். ஹர்லிங்கில் கவுண்டிதான் உச்சி. உங்கள் ஊர் எதுவோ அந்த கிளப், கிளப் எந்தக் கவுண்டியோ அந்த அணி, சம்பளமும் கிடையாது. பாலிஹேல் ஷாம்ராக்ஸ் என்ற ஊர் கிளப்பிலிருந்து கில்கெனிக்குப் போய் 2000க்கும் 2014க்கும் இடையில் பத்து அனைத்து அயர்லாந்துப் பதக்கம் வாங்கியவரை ‘மாவட்ட வீரர்’ என்று அனுப்பிவைக்காதீர்கள். கவுண்டி என்றே போடுங்கள்.

அப்புறம் 2007 பற்றிய வாக்கியம். “காயம் காரணமாக இறுதியாட்டத்தில் பாதியில் வெளியேறினார்” என்று ஒரே மூச்சில் தாண்டிவிட்டீர்கள். அவர்தான் அந்த ஆண்டின் கேப்டன். லிமெரிக்குக்கு எதிரான அந்த ஆட்டத்தின் முதல் பாதியிலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது, இரண்டாம் பாதிக்கு வரவில்லை, கோப்பையை வாங்க மட்டும் மேலே போனார். 2010இல் மீண்டும் அதே வகைக் காயம், அதோடு இறுதியாட்டத்தில் இறங்கிக் கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை, கில்கெனி டிப்பரெரியிடம் தோற்றது. இதற்கு இரண்டு வரி கூடுதலாகக் கொடுக்கலாம், விருதுப் பட்டியலில் நாலு வரியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, யாரும் தொடாத ஒன்று. 2012 ஆட்டத்தின் முடிவை அவர்கள் 0-19, 2-13 என்று எழுதுவார்கள். கோட்டுக்கு முன்னால் இருப்பது கோல், பின்னால் இருப்பது மேலடி, கூட்டினால் இரு அணிக்கும் 19 புள்ளி. நம் செய்தித்தாளில் நடுவில் கோடு போட்டால் இரண்டு அணிகளின் எண்ணிக்கை என்றுதான் அர்த்தம், “0-19 என்று படுதோல்வி” என்றே படிப்பார்கள். நான் என் குறிப்புகளில் ‘2 கோ 13 மே’ என்று எழுதிக்கொள்கிறேன். பார்க்கக் கொஞ்சம் விளையாட்டாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அட்டவணைக்குள் இது போதும், உரைநடையில் முழுதாக எழுதிவிடலாம்.

மேலடியில் ஓட்டை இருந்தால் இங்கேயே சொல்லுங்கள். ‘அறுபத்தைந்து’க்குச் சொல் தேடுபவர்கள், அதாவது பந்து தடுப்பவர்மேல் பட்டுக் கோல் பக்கத்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் 65 மீட்டரிலிருந்து கிடைக்கும் அந்த அடிக்கு, தனி இழை தொடங்குங்கள். இதில் கலந்தால் தம்பியின் கட்டுரை இந்த ஆண்டு வராது.