ஓஎஸ்பிஎஃப்: ஒரே சுவிட்ச்ல 4 ரூட்டர், ஆனா எல்எஸ்ஏல பக்கத்து ரூட்டரையே காணோம்

தெம்பனிஸ்பையன்:
வணக்கம் அண்ணே, பாலிடெக்னிக் லேப்ல 4 ரூட்டரை ஒரே சுவிட்ச்ல மாட்டி 10.1.1.0/24 குடுத்து ஓஎஸ்பிஎஃப் (ரூட்டருங்க தங்களுக்குள்ள பேசி வழி கண்டுபுடிக்கிற புரோட்டோகால்) ஓட்டிருக்கேன், பிங் எல்லாம் போகுது. ஆனா ஆர்1ல நெய்பர் பாத்தா ஆர்3, ஆர்4 கூட மட்டும்தான் ஃபுல் (டேட்டாபேஸ் முழுசா ஒத்துப்போன நெலம), ஆர்2 டூவேலயே (ஹலோ மட்டும் பரிமாறுற நெலம) நிக்குது, ஆர்1ல மூணு தடவ ப்ராசஸ் கிளியர் பண்ணியும் மாறல. அதவிட குழப்பம், ஆர்1 ரூட்டர் எல்எஸ்ஏல (தன்னோட லிங்க்கெல்லாம் சொல்லி அனுப்புற அறிவிப்பு) ஒரே ஒரு லிங்க்தான் இருக்கு, டிரான்சிட் நெட்வொர்க்னு போட்டு லிங்க் ஐடி 10.1.1.4. அப்ப ஆர்2க்குப் போற பாக்கெட் ஆர்4ஐச் சுத்திட்டா போகுது? வெள்ளிக்கெழம லேப் டெஸ்ட், யாராச்சும் சொல்லுங்க.

ராத்திரிஷிஃப்ட்:
தம்பி ஒன்னும் கெட்டுப்போகல, கிளியர் பண்றத நிறுத்துங்க. அந்த 10.1.1.4 உங்க செக்மெண்டோட, அதாவது அந்த சுவிட்ச் நெட்வொர்க்கோட பேரு, டிஆர் (செக்மெண்டுக்குத் தலைவரா தேர்ந்தெடுத்த ரூட்டர்) ஆர்4ங்கறதால அதோட ஐபியவே பேரா வச்சுக்குது, அவ்ளோதான். ஓஎஸ்பிஎஃப் அந்த செக்மெண்டையே மேப்ல தனி நோடா வரையும். வாய்ட் டெக்க (புளோக்குக்குக் கீழ இருக்குற பொது எடம்) நெனச்சுக்குங்க, ஒவ்வொரு வீட்டுக்காரரும் "நான் கீழ வாய்ட் டெக்குக்கு வருவேன்"னு மட்டும் சொன்னாப் போதும், யார்யார் வர்றாங்கன்னு பேர எழுதி ஒட்டுறது ஒருத்தர் வேல. அந்த பேப்பர்தான் டைப் 2 நெட்வொர்க் எல்எஸ்ஏ, டிஆர் மட்டும்தான் போடும். ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் நெட்வொர்க் அடிச்சுப் பாருங்க, /24 மாஸ்க்கும் கீழ 4 அட்டாச்டு ரூட்டரும் வரும்.

ஆர்3 பிடிஆர், அதாவது பேக்கப் டிஆர். ஆர்1, ஆர்2 ரெண்டும் டிஆர் அதர் (டிஆரும் பிடிஆரும் இல்லாத மத்த ரூட்டர்), அதுங்களுக்குள்ள டூவேதான் சரி. 20 ரூட்டர் இருந்து எல்லாரும் எல்லார்கூடயும் ஃபுல் போனா 190 அட்ஜசன்சி (ஃபுல் உறவு), டிஆர் பிடிஆரோட மட்டும்னா 37.

பாக்கெட் நேரா ஆர்2க்குத்தான் போகும். ஆர்2 எல்எஸ்ஏல அதே டிரான்சிட் லிங்க்ல லிங்க் டேட்டான்னு 10.1.1.2 இருக்கும், நெக்ஸ்ட் ஹாப் அங்கேர்ந்துதான் எடுக்குது.

கோப்பிஓ:
காஸ்ட்டையும் (ஒரு லிங்க்ல போறதுக்கு வைக்கிற மதிப்பு) சேத்துப் படிச்சுக்குங்க, டெஸ்ட்ல கண்டிப்பா கேப்பாங்க. ரூட்டர்லேர்ந்து செக்மெண்டுக்குப் போக இன்டர்ஃபேஸ் காஸ்ட், செக்மெண்டுலேர்ந்து ரூட்டருக்கு 0. ஆர்1ல 10, ஆர்2ல 100 வச்சா ஆர்1லேர்ந்து ஆர்2க்கு 10தான், திரும்பி வர்றதுக்கு 100. ரெண்டையும் கூட்டி 110னு எழுதிடாதீங்க.

தெம்பனிஸ்பையன்:
இப்பதான் லேப்ல பாத்தேன், 4 பேரும் லிஸ்ட்ல இருக்காங்க, ஆர்4 உள்பட! ஆனா ஆர்4 கேபிள புடுங்கினதும் ஆர்3 டிஆர் ஆயிடுச்சு, ஆர்1ல லிங்க் ஐடி 10.1.1.3னு மாறிடுச்சு, திரும்ப மாட்டியும் ஆர்4 டிஆர் ஆகவே இல்ல. இதுவும் சரியா?

ராத்திரிஷிஃப்ட்:
சரிதான். ஓஎஸ்பிஎஃப்ல ப்ரியாரிட்டி கூட வச்சுட்டு வந்தாலும் இருக்குற டிஆர எழுப்பி விடாது. ஐஎஸ்-ஐஎஸ்ல (இதே மாதிரி இன்னொரு புரோட்டோகால்) டிஆர் மாதிரி இருக்குற டிஐஎஸ் அப்படி இல்ல, பெரிய ப்ரியாரிட்டி வந்த ஒடனே எடுத்துக்கும், பேக்கப்னும் யாரும் கெடையாது. அங்க செக்மெண்ட் நோடுக்கு சூடோநோட்னே பேரு, எனக்கு அந்தப் பேருதான் புடிக்கும், கேட்டாலே வெளங்கும்.

இன்னொன்னு, ரெண்டே ரூட்டர் உள்ள ஈத்தர்நெட் லிங்க்ல இதெல்லாம் வேண்டாம், ரெண்டு பக்கமும் பாயிண்ட்-டு-பாயிண்ட் போட்டுடுங்க, டைப் 2வும் வராது டிஆர் எலக்‌ஷனுக்கு 40 செகண்ட் காத்திருக்கவும் வேணாம். ஒரு பக்கம் மட்டும் போட்டீங்கன்னா நெய்பர் ஃபுல்னு காட்டும், ரூட் மட்டும் வராது. நான் ஒரு ராத்திரி முழுக்க அதுல மாட்டி விடியக்காலையிலதான் கண்டுபுடிச்சேன்.